எங்கள் ஏரியின் பாடும் இவர்கள் கடையின் டோக்கனும்

நெதர்லாந்தின் டென் ஹாக் நகரத்தில் மீன் வாங்க, முதலில் வாசலில் உள்ள இயந்திரத்தில் டோக்கன் கிழிக்க வேண்டும். எண் வரும்வரை எல்லோரும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். மீன் கடையில் இவ்வளவு அமைதியா! எங்கள் பழவேற்காட்டு மீன் ஏலத்தில் இப்படி நின்றால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். வந்த புதிதில் நேராக முன்னால் போய் விலை கேட்டேன். கடைக்காரர் வாசலைக் காட்டினார். டோக்கன் எடுக்கச் சொல்கிறார் என்று தெரியாமல், ரோஷத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

நான் இங்கே சர்வதேசச் சட்டம் படிக்கிறேன். நைனா, அதாவது என் அப்பா, பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில், ஏரியில் மீன் பிடிப்பவர். போன வாரம் வகுப்பில் வழக்காற்றுச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தது. எழுதி வைக்காவிட்டாலும், நாடுகள் காலங்காலமாகக் கட்டுப்பட்டு நடந்தால் அது சட்டம் என்றார் பேராசிரியர். சீனாவிலிருந்து வந்திருக்கும் லின் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"அந்த வழக்கங்கள் உருவானபோது ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அடிமைப்பட்டுக் கிடந்தன. எங்களைக் கேட்காமல் செய்த சட்டத்துக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்?"

நியாயம்தான். ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. "இப்போது நீங்களும் பெரிய நாடு. உங்கள் கப்பல் வரும்போது சின்ன நாட்டு மீனவனை யார் கேட்கிறார்கள்?" என்றேன். லின் முறைத்தாள்.

பேராசிரியர் பேச்சை மாற்ற என் ஊரைக் கேட்டார். பழவேற்காடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அங்கே எங்கள் டச்சுக் கோட்டை இருக்கிறதே!"

"கோட்டை இடிந்துவிட்டது. உங்கள் கல்லறைகள்தான் மிச்சம். எங்கள் சட்டம் இன்னும் நடக்கிறது" என்றேன். என் வாய் அப்படி.

பிறகு பாடு முறையை விளக்கினேன். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊரே கூடி முறை வைத்துக்கொள்ளும், அதுதான் பாடு. நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. முறை தப்பி வலை போட்டால் ஊர் விடாது. கடலைப் பங்கிடத் தெரியாமல் உலகம் அடித்துக்கொள்கிறது, எங்கள் ஆட்கள் ஓர் ஏரியைப் பங்கிட்டு வாழ்ந்து காட்டுகிறார்கள் என்று பெருமையோடு சொன்னேன். இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் பேராசிரியர். லின் மட்டும் கேட்டாள்: "உன் முறை எந்த நாள்?"

எனக்கு முறை இல்லை. பாடு ஆண்கள் பேரில்தான் வரும். எங்களைக் கேட்காமல் செய்த சட்டம் என்று அவள் சொன்னது எங்கள் ஏரிக்கும் பொருந்திவிட்டது. அன்று மாலையே நைனாவுக்குப் போன் போட்டு வகுப்பில் நடந்ததைச் சொன்னேன்.

"நம்ம பாடு மொறயப் பத்தி அவங்களுக்கே பாடம் எடுத்தியா! சபாஷ்!"

"எடுத்தேன் நைனா. அதுல எம்பேரு இன்னாத்துக்கு இல்ல?"

"இத்தினி வருசத்துல இத்த ஒருத்தரும் கேக்கலம்மா" என்றார். பிறகு, "நீ எய்தறதுல அத்தயும் எய்து. ஊர்க் கூட்டத்துல நானே படிச்சிக் காட்டறேன். யாரு இன்னா சொல்றான்னு பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஓர் அப்பா எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

சனிக்கிழமை மீன் கடையில் என் எண் வந்தது. சீட்டை நீட்டினேன், மீனைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கேட்பதுபோல் யார் வீட்டுப் பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமலே முறை கிடைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. யாராவது ஒருவர் கேட்டுவிட மாட்டார்களா என்றும் இருக்கிறது.