காகிதத்தில் பதினைந்து

அன்ரோவுக்கு வளர்த்தி பிந்தித்தான் வந்தது. பதினாறு வயதிலும் அவனைப் பார்த்தவர்கள் ஏழாம் வகுப்பா, எட்டாம் வகுப்பா என்றுதான் கேட்டார்கள். இரண்டாயிரத்து நாலு மார்கழிச் சுனாமியில் டச்பாரில் அவர்களின் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளைப் பதிந்தபோது, மேசையில் இருந்த பெண் மகனின் வயதைக் கேட்டாள். அவனுடைய அம்மா பீற்றிஸ் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். புருசனைக் கடல் எடுத்து அன்றைக்கு நாலாம் நாள். மிச்சம் இருந்தது இவன் ஒருவன். பதினாறு என்று எழுதினால் அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்துக்குப் பிள்ளைகளைக் கேட்டு வந்த காலம்.

"பதின்மூணு," என்றாள்.

யாரும் சந்தேகப்படவில்லை. அன்ரோ பிறந்தது தகப்பனின் ஊரான வாகரைப் பக்கம். அங்கே பழைய பதிவுகள் முந்தைய சண்டையில் எரிந்துவிட்டன. வீட்டிலிருந்த பிரதி கடலோடு போயிற்று. ஆகவே உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் பீற்றிஸ் அவனை நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தாள். பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தவன் மறுபடியும் சின்னப் பெடியன்களோடு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தான்.

அதன்பிறகு அவன் வளரத் தொடங்கினான். வாவியில் வெள்ளம் ஏறுவதைப் பார்ப்பதுபோல பீற்றிஸ் காலையில் எழும்பியதும் அவனைப் பார்ப்பாள். களிசான் முழங்காலுக்கு மேலே போயிற்று. செருப்பு ஒரு வருடத்தில் மூன்று தரம் மாறியது. இரண்டாயிரத்து ஆறில், காகிதத்தில் பதினைந்து வயதான அன்ரோ ஆறடி இரண்டு அங்குலம் இருந்தான். அவர்களுக்குக் கொடுத்திருந்த தகரக் கொட்டிலில் அவன் நிமிர்ந்து நிற்க, கூரையின் நடுவளைக்குக் கீழே மட்டும்தான் இடம் இருந்தது.

உடற்பயிற்சி ஆசிரியர் ஹலீம் சேர் அவனைக் காலைக் கூட்டத்தில் கண்டார். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், கூடைப்பந்தைத் தவிர உலகத்தில் வேறு விளையாட்டு இருப்பதாக ஒத்துக்கொள்ளாதவர்.

"பத்தாம் வகுப்பாடா நீ?"

"ஓம் சேர்."

"உன்ர உம்மா என்ன போட்டு வளக்கிறா, யூரியாவா? பின்னேரம் கோர்ட்டுக்கு வா."

பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி அந்த வருடம் பாதியாகியிருந்தது. முந்தைய வருடம் ஆடியவர்களில் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவன் ரியூசனுக்குப் போன சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. அவனுடைய பெயரை யாரும் எடுப்பதில்லை. கப்டன் மதுஷன் புதியவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேபி, பால்போத்தில் கொண்டுவந்தியா?" என்றான். அன்றிலிருந்து அணியில் அவனுக்குப் பேபி என்றே பெயர். மதுஷனைவிட அவன் இரண்டு மாதம் மூத்தவன் என்று சொல்ல முடியாமல் அன்ரோவும் சிரித்துக்கொண்டான்.

அந்த மாதங்களில் நகரத்தில் இயக்கத்திலிருந்து பிரிந்த சிலர் அலுவலகம் திறந்திருந்தார்கள். பின்னேரங்களில் இரண்டு இரண்டு பேராக மோட்டார் சைக்கிளில் கொட்டில்களைச் சுற்றி வருவார்கள். பீற்றிஸின் வாசலுக்கும் இரண்டு தரம் வந்தார்கள்.

"மகன் நல்ல உயரம் என்ன, அக்கா?"

"வயசு பதினஞ்சு, தம்பி. இந்தா, பாருங்க."

வந்தவன் சான்றிதழை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தான். "பதினஞ்சுக்கு மீசை வந்திட்டு. அப்ப நாங்க கொஞ்சம் பொறுக்கிறம்."

நீர்கொழும்பில் பீற்றிஸின் தம்பி இருந்தான். பெடியனை எப்படியாவது அனுப்பிவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். எப்படி அனுப்புவது? தேசிய அடையாள அட்டை பதினாறு முடிந்தால்தான். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சோதனைச் சாவடியில் அட்டை தேவையில்லை. ஆறடி இரண்டு அங்குல ஆளுக்குத் தேவை. அன்ரோ இரண்டுமாக இருந்தான்.

ஒரே ஒரு பாதைதான் தெரிந்தது. மாகாணத்தில் வென்ற அணி அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போகும். பாடசாலை பஸ், அதிபரின் கடிதம், ஆசிரியரின் பொறுப்பு. பத்துப் பெடியன்களில் ஒருவனாக இருந்தால் யார் அவனை மட்டும் பார்க்கப்போகிறார்கள்? மற்ற ஒன்பது பேரும் கிண்ணத்துக்காக ஆடினார்கள். அன்ரோ அந்த பஸ்ஸுக்காக ஆடினான்.

ஊரடங்குபோல ஐந்து மணிக்கே தெரு வெறித்துவிடும் என்பதால் கொதிக்கும் வெயிலில் இரண்டு மணிக்குப் பயிற்சி. மாவட்டப் போட்டி மூன்றிலும் வென்றார்கள். மாகாண இறுதிப் போட்டி அவர்களுடைய கோர்ட்டிலேயே நடந்தது. மூன்று நிமிடம் இருக்க ஏழு புள்ளி பின்னால் நின்றார்கள். அன்ரோ வளையத்துக்குக் கீழே ஒரு மரம்போல நின்றுகொண்டு, பட்டுத் தெறித்த பந்து ஒன்றையும் விடவில்லை. முழங்கையால் யாரோ இடித்ததில் சொண்டு வெடித்து இரத்தம் வந்தது. "வெளிய வா, மருந்து போட!" என்று ஹலீம் சேர் கத்த, அவன் கேட்காதவன்போல மறுபக்கம் கிறுகிக்கொண்டான். இரண்டு புள்ளியால் வென்றார்கள்.

எல்லோரும் சேரைத் தூக்கிக்கொண்டு ஓட, மதுஷன் மட்டும் அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பேபி, நீ கொழும்பால திரும்பி வரமாட்டாய், என்ன?"

அன்ரோ சொண்டைத் துடைத்தான்.

"எனக்கு ஒண்டும் சொல்ல வேணாம். முதல் மெச் விளையாடித்துப் போ. விளையாடாமப் போனியெண்டா உன்ர மாமாட வீட்டுக்கே வந்து அடிப்பன்."

பஸ் புறப்பட்ட காலையிலேயே பீற்றிஸ் அக்கம்பக்கம் முழுக்கச் சொன்னாள்: மகன் நீர்கொழும்புக்குப் போய்விட்டான், இனி அங்கேதான். கிராம சேவகரிடமும் போய்க் குடும்ப அட்டையிலிருந்து பெயரை வெட்டச் சொன்னாள். தேடி வருகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

பொலன்னறுவைப் பாதையில் இருந்த பெரிய சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒன்பது பேர் அட்டையை நீட்டினார்கள். அன்ரோ சான்றிதழை நீட்டினான். ஹலீம் சேர் சிங்களத்தில் வேகவேகமாகச் சொன்னார்: சின்னப் பெடியன், உயரம் மட்டும்தான், கூடைப்பந்துக்கு உயரம்தானே வேணும். அதிகாரி சிரிக்கவும் செய்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"பிறந்த வருசம்?"

"தொண்ணூத்தொண்டு." நூறு தரம் பாடமாக்கிய பதில்.

"அம்மா பேர்? இஸ்கூல்? எத்தினையாம் வகுப்பு?" எல்லாவற்றுக்கும் அன்ரோ சரியாகச் சொன்னான். அதிகாரி சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுக்கப்போனவர், கதைக்கிற மாதிரிக் கேட்டார்: "படிப்பு எப்படி? அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் பாஸா?"

"பாஸ் சேர்." அவன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பரிசு அந்தப் புலமைப்பரிசில். அப்பா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

"எந்த வருசம்?"

"தொண்ணூத்தெட்டு."

சொல்லி முடிக்கும்போதே ஹலீம் சேரின் முகம் மாறியதை அவன் கண்டான். அதிகாரி விரலை மடக்கிப் பார்த்தார். ஏழு வயதில் ஐந்தாம் வகுப்பு.

சேர் அரை மணித்தியாலம் மன்றாடினார். பெடியன் பயத்தில் உளறிவிட்டான் என்றார். கடைசியில் கிடைத்த சலுகை இதுதான்: பிடித்து வைக்கவில்லை. ஒன்றில் அவன் திரும்பிப் போக வேண்டும், அல்லது பஸ்ஸே திரும்ப வேண்டும். சேரின் வாயிலிருந்து அது வருமுன் அன்ரோ தன் பையை எடுத்துக்கொண்டான்.

மத்தியானச் சூட்டில் சனம் எல்லாம் உள்ளே படுத்திருந்த நேரம் அவன் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தான். பீற்றிஸ் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஆரும் கண்டதா?"

"இல்லம்மா."

அவள் அழவில்லை. "அப்ப நீ நீர்கொழும்பிலதான் இரிக்காய், மனே."

அப்படியே இருந்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடித் தகரத்துக்குள் ஏழு மாதம். பகலில் தகரம் காய்ந்து மூச்சு முட்டும். நடுவளைக்குக் கீழே நின்றால் யன்னலால் தலை தெரியும் என்பதால் குனிந்தே நடந்தான். பிறகு நடப்பதையும் விட்டான். இருமல் வந்தால் தலையணையைக் கடிப்பான். தகரச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த மங்கையற்கரசிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அவன் இருமுகிற நேரமெல்லாம் அவளுடைய றேடியோ சத்தமாகப் பாடும். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அணி முதல் போட்டியிலேயே முப்பத்தொரு புள்ளியால் தோற்றது. திரும்பி வந்த ஒன்பது பேரும், கேட்டவர்களுக்கெல்லாம், அன்ரோ மாமாவோடு நின்றுவிட்டான் என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் பீற்றிஸிடம் ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு வரவில்லை.

அடுத்த மே மாதம் காகிதத்தில் பதினாறு முடிந்தது. பீற்றிஸ் அடையாள அட்டை விண்ணப்பத்தோடு கிராம சேவகர் வினாயகமூர்த்தியிடம் போனாள்.

"அக்கா, நீங்கதானே மகன் இஞ்ச இல்ல எண்டு பேர வெட்டச் சொன்னீங்க? இல்லாத ஆளுக்கு நான் எப்பிடி உறுதி குடுக்கிற?"

"இரிக்கான், ஐயா."

"அப்ப ஆளக் காட்டுங்க. நேர வரச் சொல்லுங்க."

அன்ரோ பகலில் தெருவுக்கு வந்தான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முதுகு நிமிர மறுத்தது. வினாயகமூர்த்தி அவனை அண்ணாந்து பார்த்தார்.

"பதினாறு?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பத்தொன்பது என்றால், இத்தனை காலம் அம்மா நீட்டிய எல்லாத் தாளும் பொய்யாகும். "ஓம் ஐயா," என்றான். அவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே, கிராம சேவகரின் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. முன்பு வீட்டுக்கு வந்தவன்தான்.

"டேய், நெட்டையன். எப்ப வந்த?"

"நேத்து."

"கொழும்பில மெச் எப்பிடி?"

"தோத்திட்டம் அண்ணன்."

"எத்தினையால?"

"முப்பத்தொண்டு."

"இந்த உயரத்த வெச்சிக்கொண்டுமா?" அவன் கையை நீட்டினான். அன்ரோ தாளைக் கொடுத்தான். அவன் வாசித்து, வயதை விரலால் தொட்டுவிட்டுத் திருப்பித் தந்தான். "பதினாறுதானே. இன்னும் ரெண்டு வருசம் இஸ்கூலுக்கு விளையாடலாம். இந்த முறை நாங்களும் பாக்க வருவம். உன்னக் காணல்லயெண்டா வீட்ட வந்து கேப்பம், விளங்கிச்சா?"

மறுநாள் காலை பீற்றிஸ் வெள்ளைச் சேட்டின் கைமடிப்பை அவிழ்த்து நீட்டிக் கொடுத்தாள். பத்தொன்பது வயது அன்ரோ பதினோராம் வகுப்புக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தான். இரண்டு மணிக்கு மணி அடித்ததும் எழும்பிக் கோர்ட்டுக்குப் போனான்.