வலி எத்தனை என்றாள் ஹிங்கே

அந்த ஊரில் ரென்ஸ்கே பேச்சை நிறுத்திவைத்திருந்தது ஒரே ஒருத்தியோடுதான். அந்த ஒருத்தியே ஊர் டாக்டரிடம் தொலைபேசி எடுக்கிறவளாக வாய்த்துப்போனாள்.

வெஸ்டர்வீரும் என்பது கடலணைக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கிற சின்ன ஊர். டாக்டர் ஒருவர், ரொட்டிக்கடை ஒன்று, தேவாலயம் இரண்டு. ஜன்னல் துடைப்பவளும் ஒருத்தி, அவள்தான் ரென்ஸ்கே. ஐம்பத்தேழு வயது. ஏணியைத் தானே சுமப்பாள், மேல்மாடிக் கண்ணாடிக்கும் தானே ஏறுவாள். அவளுடைய கணவன் ஷூர்ட் ஒரு வசந்தகாலத்தில் துணிமணிகளை இரண்டு மீன்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு ஹிங்கே வீட்டுக்குக் குடிபோனான். தேவாலயப் பாடகர் குழுவில் ரென்ஸ்கேக்குப் பக்கத்தில் நின்று, ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவள் ஹிங்கே. அதன்பிறகு ரென்ஸ்கே பாடப் போவதை நிறுத்திவிட்டாள். ஹிங்கே நிறுத்தவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

வருடக்கணக்காகக் கையைத் தலைக்கு மேலே தூக்கியே வேலை செய்ததில் வலது தோளின் தசைநார் நைந்து கிழிந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் அதை எலும்போடு இழுத்துத் தைத்தார்கள். கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மரக்கவைத்திருந்ததால், அன்று மாலையே வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டுப்பையில் தொங்கிய கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றாள், அழைத்துவந்த பக்கத்து வீட்டு கெப்கேயிடம்.

"நர்ஸம்மா என்ன சொன்னாங்க? மரப்பு விடறதுக்கு முன்னாடியே மாத்திரை போடணும்னு சொன்னாங்களா இல்லையா?"

"வலிக்காதப்ப எதுக்கு மாத்திரை? வலிச்சா போட்டுக்கறேன் அக்கா."

விடிவதற்குள் மரப்பு விட்டது. யாரோ தோளுக்குள் கடப்பாரையை நட்டு, அதைப் பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. அப்போது போட்ட மாத்திரை எங்கே போனதென்றே தெரியவில்லை. படுத்தால் வலி, நிமிர்ந்தால் வலி. சாய்வு நாற்காலியில் மூன்று தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி, உறைந்த கீரைப் பொட்டலத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, சுவரைத் திட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய வீரியமான மாத்திரைகள் கொஞ்சம்தான். முதலில் வீம்புக்குப் போடாமல் வைத்திருந்தாள். பிறகு தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தீர்த்தாள். மேற்கொண்டு வேண்டுமென்றால் ஊர் டாக்டரைக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஊர் டாக்டர் என்றால் முதலில் தொலைபேசி எடுக்கிற ஹிங்கே.

காலை முழுவதும் தொலைபேசியைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்துவிட்டு, கடைசியில் இடது கையால் எண்ணை அழுத்தினாள்.

"டாக்டர் ஒசிங்கா கிளினிக், ஹிங்கே பேசறேன்."

"ரென்ஸ்கே."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க மேடம்" என்று வந்தது.

மேடம்! ஒரே புத்தகத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு பாடியவள், குளிரில் ரென்ஸ்கேயின் கையுறையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவள், இன்றைக்கு மேடம் என்கிறாள்.

"ஆப்பரேஷன் பண்ண தோள் வலிக்குது. அவங்க குடுத்த மாத்திரை தீந்துபோச்சு."

"பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க. வலி எத்தனை?"

ரென்ஸ்கே நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு மூக்கு நுனிவரை வந்து நின்றது. ஒன்பது என்று சொன்னால் என்ன ஆகும்? சாயங்காலம் ஷூர்ட் முள்கரண்டியைப் பிடித்தபடி கேட்பான்: 'என்ன, ரென்ஸ்கே போன் பண்ணாளாமே?' ஹிங்கே உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொல்வாள்: 'ஆமா, பாவம், அழுதுட்டா.' அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நினைத்ததும் ரென்ஸ்கேயின் முதுகு நிமிர்ந்தது.

"நாலு" என்றாள்.

"நாலுக்குப் பாராசிட்டமால் போதும் மேடம். வேளைக்கு ரெண்டு, நாலு வேளை போடுங்க. ஐஸ் வைங்க."

"ஐஸ் வைக்க எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் சட்டைப் பொத்தான் போட்டுவிட வந்த கெப்கே அவளுடைய முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்னடி இது, கிழிஞ்ச துணி மாதிரி இருக்கே! டாக்டர்கிட்ட கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். அந்த மகராணி பாராசிட்டமால் போதும்னுட்டா."

நாலு என்று தான் சொன்னதை மட்டும் ரென்ஸ்கே சொல்லவில்லை. கெப்கேயிடம் பாதியைச் சொன்னாலே போதும்; மீதியை அவளே சேர்த்துக்கொள்வாள். மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில் ஹிங்கேயைப் பார்த்ததும் கெப்கே எல்லோர் காதிலும் விழும்படி, "ஒருத்தியோட புருஷன எடுத்தது போதாதுன்னு மாத்திரையையும் எடுத்துக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்து நின்றார்கள். ஹிங்கே வாங்கின கறுப்பு ரொட்டிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே ரென்ஸ்கே இரண்டாவது முறை கூப்பிட்டபோது, ஹிங்கேயின் குரலை எடுத்துத் தோளில் ஐஸாக வைத்திருக்கலாம்.

"நான் உங்க மாத்திரைய ஒளிச்சு வெச்சிருக்கேன்னு ஊர்ல பேச்சாமே மேடம்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்னவங்க உங்க வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்துதான் காபி குடிக்கறாங்க. போகட்டும். வலி எத்தனை?"

"அஞ்சு."

"நீங்க அஞ்சுன்னா நான் டாக்டர்கிட்ட அஞ்சுன்னுதான் சொல்லமுடியும். நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

இவள் மன்றாடச் சொல்கிறாள் என்றுதான் ரென்ஸ்கேயின் காதில் விழுந்தது. "அஞ்சுன்னா அஞ்சுதான். காது கேக்கலையா?" என்று வைத்துவிட்டாள். வைத்தபிறகு நாற்காலிக் கையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கடுத்த வாரம் கைக்குப் பயிற்சி கொடுக்கும் விட்சேயிடம் முதல்தடவையாகப் போனாள். அவனுடைய அறையும் டாக்டரின் அறையும் ஒரே கட்டடத்தில், நடுவில் ஒரு நடைவழிதான். நெட்டையன், அதிகம் பேசாதவன். கட்டுப்பையைக் கழற்றி, அவளைக் குனியச் சொல்லி, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டச் சொன்னான். கை ஒரு சாண்கூட ஆடவில்லை. அவள் கடித்துக்கொண்ட உதட்டில் ரத்தம் வந்தது.

"வீட்ல பயிற்சி செய்றீங்களா?"

"செய்றேன்."

"இல்ல, செய்யல. ராத்திரி தூங்கறீங்களா?"

"அது உனக்கு எதுக்கு?"

விட்சே கட்டுப்பையைத் திரும்ப மாட்டிவிட்டான். "இந்த வலியோட நான் இந்தக் கையைத் தொடமாட்டேன். நீங்களும் அசைக்கமாட்டீங்க. அசைக்காம வெச்சிருந்தா இறுகிப்போயிடும். அப்புறம் ஏணி, வாளி, எல்லாத்தையும் வித்துடவேண்டியதுதான். வலிக்கு ஒழுங்கா மருந்து வாங்கிட்டு வாங்க. எதிர்லதான் டாக்டர் இருக்கார்."

"எதிர்ல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றாள் ரென்ஸ்கே.

நடைவழியைக் கடப்பதற்குள் இரண்டுமுறை சுவரைப் பிடித்துக்கொண்டாள். காத்திருப்பு அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹிங்கே நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்பதிவு இருக்கா மேடம்?"

"இல்ல."

"அப்போ நாளைக்குக் காலைல போன் பண்ணி..."

"ஒன்பது" என்றாள் ரென்ஸ்கே.

"என்னது?"

"எத்தனை எத்தனைன்னு கேட்டியே. ஒன்பது! அன்னைக்கும் ஒன்பதுதான், போன வாரமும் ஒன்பதுதான். ராத்திரியில பத்து. போதுமா? இன்னும் சத்தமா சொல்லணுமா?"

அறையில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தவர்கள் புரட்டுவதை நிறுத்தினார்கள். ஹிங்கேயின் முகம் கழுத்துவரை சிவந்தது.

"அப்போ ஏன் நாலுன்னு சொன்னே?" மேடம் போய், பழைய 'நீ' வந்திருந்தது. "நீ நாலுன்னே, நான் நாலுன்னு எழுதினேன். மறுபடியும் யோசிச்சுச் சொல்லுன்னேன். என்னைத் திருடின்னு ஊரெல்லாம் பேசவெச்சே!"

"உன்கிட்ட சொல்றதா? உன்கிட்டயா நான் வந்து வலிக்குதுன்னு சொல்லணும்?"

"வேற யார்கிட்ட சொல்வே? இந்த ஊர்ல போன் எடுக்கறது நான்தான்! என்னைப் பிடிக்கலைன்னா வலிக்காம போயிடுமா? முட்டாள், முட்டாள்!"

சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். உள்ளே நோயாளி இருக்கும்போது யாரும் தட்டக்கூடாத டாக்டரின் கதவை நாலு தட்டு தட்டித் திறந்து, என்னவோ சொன்னாள். திரும்பி வந்தபோது ரென்ஸ்கேயைப் பார்க்கவில்லை. "அடுத்து நீதான். உக்காரு. இங்க விழுந்துவெச்சேன்னா அதையும் என் தலையிலதான் கட்டுவாங்க."

டாக்டர் ஒசிங்கா தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் நன்றாக ஆறியிருந்தது, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. கணினியைப் பார்த்தார்.

"இங்க நாலுன்னு இருக்கு. அப்புறம் அஞ்சுன்னு இருக்கு."

"பொய் சொன்னேன் டாக்டர்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை அவருக்குத் தெரியாதா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என்னால மருந்து எழுதமுடியாது ரென்ஸ்கே. தோளுக்குத்தான் எழுதமுடியும். வலிச்சாலும் வலிக்காட்டியும் பாராசிட்டமாலை வேளை தவறாம போடுங்க. வலி உச்சிக்கு ஏறினப்புறம் துரத்தினா எந்த மாத்திரையாலயும் பிடிக்கமுடியாது. வீரியமான மாத்திரை தூங்கப்போகும்போது ஒண்ணு, பயிற்சிக்கு முன்னாடி ஒண்ணு. கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் நானே குறைச்சுடுவேன்."

வெளியே வந்தபோது ஹிங்கே மருந்துப் பையைத் தயாராக வைத்திருந்தாள். அறையிலிருந்த யாரும் எழுந்துபோயிருக்கவில்லை.

"இந்த மாத்திரை வயித்தைக் கட்டும்" என்றாள் ஹிங்கே, தேவைக்கு மேல் உரக்க. "தினமும் இந்தப் பொடியைத் தண்ணியில கலக்கிக் குடிங்க மேடம். வெளிக்குப் போகலைன்னா போன் பண்ணுங்க. உண்மையைச் சொல்லுங்க."

மூலையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். ரென்ஸ்கே இடது கையால் பையைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள்.

அன்று இரவு தூங்கினாள். வலி போய்விடவில்லை, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது. காலையில் கண்விழித்தபோது தலையணைகள் சரிந்து கிடந்தன, கெப்கே வாசலில் மணியடித்துக்கொண்டிருந்தாள். வேளை தவறாமல் மாத்திரை போட்டாள். பயிற்சிக்கு முன் ஒன்றைப் போட்டுக்கொண்டு விட்சேயிடம் போனாள். கை முதலில் ஒரு சாண் ஆடியது, பிறகு இரண்டு சாண், பிறகு சுவரில் விரல்களால் நண்டுபோல மேலேறியது. வீரியமான மாத்திரை நின்றது. கோடை வந்தபோது கீழ்மாடி ஜன்னல்களைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். மேல்மாடிக்கு இன்னொரு வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றான் விட்சே.

கிளினிக்குக்கு ஏதாவது கொடுத்தனுப்பவேண்டும் என்று கெப்கேதான் ஆரம்பித்தாள். ரென்ஸ்கே இளஞ்சிவப்புப் பூச்சு போட்ட ஆரஞ்சுக் கேக்கில் இரண்டு துண்டு வாங்கி, ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

"டாக்டருக்கு ஒண்ணு, விட்சேக்கு ஒண்ணு."

"அங்க மூணு பேர் இருக்காங்களேடி."

"எனக்கு எண்ணத் தெரியும் அக்கா."

கெப்கே போய்விட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பிவந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "விட்சே உனக்கு நன்றி சொல்லச் சொன்னான். டாக்டருக்கு இனிப்பு ஆகாதாம்."

"அப்போ?"

"அவரோடதை ஹிங்கே சாப்பிட்டுட்டா. என் கண் முன்னாடியே. விரல்கூட நக்கினா."

ரென்ஸ்கே மேசைமேல் ஓங்கி ஒரு குத்து விட்டாள். காபிக் கோப்பைகள் துள்ளின. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அது எந்தக் கை என்று பார்த்தார்கள்.

"வலிக்குதா?" என்றாள் கெப்கே.

"வலிக்குது" என்றாள் ரென்ஸ்கே, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆறு."