மந்திரிக்கப் போன மெஷின்

பெங்களூரில் பழைய சாமான் விற்கும் தெரு ஒன்று இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் என் போர் வண்டிகளுக்கு ஸ்பேர் வாங்க அடிக்கடி அங்கே போவேன். போன தடவை ஒரு கடையில், செத்துப்போன செல்போன்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் கிடந்தது. எண்பதுகளில் வந்த ஜப்பான் சாமான். இதெல்லாம் இப்போது எங்கேயும் கிடைக்காது என்று கடைப் பையன் கன்னடத்தில் விலையை ஏற்றினான். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் பேசுவேன். மூன்றிலும் என்னை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. பேட்டரி மூடியைக் கழற்றித் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடியைச் சாய்த்துக் கறுப்புத் திட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். பக்கத்து வாட்ச் கடையில் பொத்தான் பேட்டரி வாங்கி வந்து போட்டு, நின்ற இடத்திலேயே ஒரு ஆட்டம் ஆடி முடித்த பிறகுதான் பையில் கை விட்டேன்.

மகன் சிரிக்கிறான். இத்தனை வண்டிக்கு ஓனர், இதைப் போய் நோண்டிக்கொண்டிருக்கிறாரே என்கிறான். சிரிக்கட்டும். கிளீனராக ஏறி, டிரில்லராகி, சொந்த வண்டி போட்டவன் நான். எனக்கு யார் சிரிப்பும் உறைக்காது. நிலத்தில் ராடு இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வருமா வராதா என்று தோட்டத்துச் சொந்தக்காரர் வெளிறிய முகத்தோடு நிற்பார். நான் லாரி கேபினில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பேன். கம்ப்ரஸர் சத்தத்தில் அதன் டிக் டிக் காதில் விழாது. கட்டை விரலுக்கு மட்டும் கேட்கும். அந்த விரலுக்கு இந்தப் பழக்கம் என் ஒன்பதாவது வயதில் ஏறியது.

எங்கள் ஊர் கடத்தூர் பக்கம். மாதா கோயிலைச் சுற்றி இருந்த வீடுகள் எல்லாம் வேதக்காரர்கள். மழை பெய்தால் கடலைக்காய் போடுவோம், பெய்யாவிட்டால் கூலிக்குப் போவோம். அந்த வருஷம் அக்காவைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். பெங்களூரில் கம்பெனி வண்டி ஓட்டுபவர். டெரிகாட்டன் சட்டை, அடர்த்தியான மீசை. நகை வேண்டாம், பணம் வேண்டாம், பெண் போதும் என்றார். அப்பா அன்றைக்கே மனதுக்குள் கல்யாணத்தை முடித்துவிட்டார். போகும்போது மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு இதே மாதிரி ஒரு வீடியோ கேம் மெஷினைக் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பஞ்சாயத்து ரேடியோவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

கண்ணாடிக்குள் ஒரு ஆள் தலையில் கூடையோடு நிற்பான். மேலே மரம். பழம் ஒவ்வொன்றாக விழும். பொத்தானை அமுக்கி அவனை நகர்த்திப் பிடிக்க வேண்டும். போகப் போகப் பழம் வேகமாக விழும். மூன்று பழம் தரையில் விழுந்தால் ஆட்டம் போச்சு. ஆடிக் காட்டுங்கள் மாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூன்று பழமும் விழுந்துவிட்டன. ஆனால் அதற்கு முன்பே யாரோ அதில் ஆடியிருந்தார்கள். அதிகமாக எடுத்த எண்ணிக்கையை அந்த மெஷின் ஞாபகம் வைத்திருக்கும். நானூறுக்கு மேல் இருந்தது. கை வேகத்தில் நான் அந்த வயதிலேயே கெட்டிக்காரன். என்னாலேயே அதில் பாதியைத் தொட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணம் நிச்சயமானால், பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார் சாமியார். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடிப்பார். அதைக் கேட்டதும் எனக்கு மெஷின் ஞாபகம் வந்தது. யாராவது எழுந்து எதையாவது சொல்லிக் கல்யாணம் நின்றுபோனால், மெஷினைத் திருப்பிக் கேட்பார்களே. சுற்றிலும் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. நல்ல சனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். ஒரு மத்தியானம் என் கையிலிருந்து மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மூலையில் பிளாஸ்டிக் நசுங்கி, சின்னச் சின்னக் குழியாக இருந்தது. நான் அதை முதல் நாளே பார்த்து, பழசைக் கொடுத்துவிட்டாரே என்று வருத்தப்பட்டு, பிறகு ஆட்ட மும்முரத்தில் மறந்துவிட்டேன். அக்கா அந்தக் குழிகளைச் சுண்டு விரலால் தடவினாள். பிறகு அந்த எண்ணிக்கையைக் காட்டச் சொன்னாள்.

"இவ்வளவு நேரம் யாருக்கு இருந்திருக்கும்?" என்றாள்.

மாமாவின் ரூமில் இருக்கும் சிநேகிதர்களுக்கு என்றேன். மாமாவே சொன்னதுதான். அவள் அம்மாவிடம் போனாள். அடுப்படியில் இருவரும் பேசியது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. பழசானால் என்ன, குடுக்க மனசு வந்ததே அது பெரிசு என்றாள் அம்மா. அப்பாவின் காதில் விழுந்தால் வெட்டிப் போட்டுவிடுவார், ஓலை வாசித்தாகிவிட்டது, வாயை மூடு என்றாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அக்கா மெஷினை ஒரு சுத்தமான கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். வீட்டுக்குப் புதுசாக வந்த சாமானைச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வருவது எங்கள் வழக்கம். சைக்கிள் வாங்கினாலும் சரி, பம்புசெட் வாங்கினாலும் சரி, அவர் தீர்த்தம் தெளித்த பிறகுதான் தொடுவோம். இதை மந்திரிக்காமலேயே ஆடிக்கொண்டிருக்கிறாயே என்றாள். எனக்கே அது தப்பாகப் பட்டது.

"மந்திரிக்கச் சொல்லு. அப்புறம் இந்த மூலையைக் காட்டி, இதக் கடிச்ச புள்ள எந்த ஊருக் கோயில் பங்குல இருக்குதுன்னு அக்கா கேக்கச் சொல்லுச்சுன்னு சொல்லு. வேற யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வார்த்தை சிந்தாமல் சொன்னேன். சாமியார் வெற்றிலை போடப் போனவர் அப்படியே நிறுத்தினார். கைக்குட்டையை விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மூலையைப் பார்த்தார்.

"வூட்ல யாராச்சும் கைப்புள்ள இருக்குதாடா?"

"இல்லீங்க சாமி. நாந்தான் கடைசி."

"நீ கடிச்சியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாயைத் திறந்து என் பல்லைக் காட்டினேன். என் ஒரு பல்லே அங்கிருந்த மூன்று குழிக்குச் சமம்.

மெஷின் இருக்கட்டும், மந்திரிக்க நாலு நாள் ஆகும் என்றார். சைக்கிளுக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது இதற்கு ஏன் நாலு நாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய மெஷின், பெரிய மந்திரம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் காலையில் அவர் தோளில் ஒரு பையோடு தருமபுரி பஸ் ஏறுவதைப் பார்த்தேன். பெங்களூருக்குப் போகிறாராம் என்றார் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார். நான் சாமியார் தங்கும் பங்களா வாசலிலேயே காத்திருந்தேன். பையில் மெஷின் இல்லை.

"அதோட சொந்தக்காரன்கிட்டக் குடுத்துட்டேன்டா," என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு, மாமா என்னங்க சொன்னாரு என்று கேட்டேன். சாமியார் என் தலையில் கையை வைத்தார்.

"ஒண்ணும் சொல்லல. வாங்குன உடனே வாயில வெச்சுக்கிட்டான். அக்காகிட்டப் போய்ச் சொல்லு."

அவ்வளவு பெரிய மீசை வைத்த ஆள் அதை எதற்கு வாயில் வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையிலிருந்த துணியை அவள் முறுக்கவும் இல்லை, போடவும் இல்லை.

"வயசு என்னன்னு சாமி சொன்னாரா?"

கட்டிக்கொள்ளப் போகிறவரின் வயதுகூடவா இவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். சொல்லவில்லை என்றேன். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

பெங்களூரில் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, பல் முளைத்த பிள்ளை ஒன்று இருந்தது, வாரக் கணக்கில் வீட்டுக்கு வராத மனிதனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்தான் அந்த நானூறைத் தாண்டியிருப்பாள் என்பதெல்லாம், பெரியவர்கள் பேச்சைக் கோத்துக் கோத்து நான் வெகுநாள் கழித்துப் புரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, மெஷின் போய்விட்டது என்பது மட்டும்தான்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன்னால் சாமியார் அப்பாவை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அப்பா முழங்கால் போடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரசங்கம் முடிந்தது. மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய நேரம். சாமியார் காகிதம் எதையும் எடுக்கவில்லை. நேராகப் பாட்டைத் தொடங்கச் சொன்னார். பெண்கள் பக்கம் ஒரே குசுகுசுப்பு. அம்மா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்று ஓலை வாசிக்காமல் கல்யாணம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். மெஷின் போன மாதிரியே மாப்பிள்ளையும் போய்விட்டார் என்று எனக்கு மட்டும் விளங்கியதாக நினைத்தேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கோயிலில் உதட்டை மட்டும் அசைக்கிறவள், அன்றைக்குத் தலை நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி தொண்டையைத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம், ஓலை வாசிக்காததை இவள் கவனிக்கவே இல்லையே என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் இதை அவளிடம் எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று, பாட்டு முடியும்வரை யோசித்துக்கொண்டே நின்றேன்.