தட்டு மாற்றும் நேரம்

மகன் வீடு போடி மெயின் ரோட்டில் இருக்கிறது. எதிரே பார் வைத்த ஓட்டல். சனிக்கிழமையானால் அங்கே பாட்டு. ஜன்னல் கம்பியெல்லாம் அதிரும். "அவங்க பெர்மிட் வாங்கியிருக்காங்கம்மா, ஒண்ணும் சொல்ல முடியாது" என்கிறான். பெர்மிட்டைப் பற்றி எனக்கே பாடமா! அந்த வார்த்தையோடு ஒரு காலத்தில் மல்லுக்கு நின்றவள் நான்.

அந்தக் காலத்தில் ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் குடியிருந்தோம். சாராயக்கடைகள் மறுபடி திறந்த புதிது. எங்கள் பாதையிலும் ஒன்று வந்தது. ஏலத்தோட்டத்து ஆட்களை இழுக்க, கூரையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ரிக்கார்டு போட்டார் கடைக்காரர். பொழுது சாய்ந்ததிலிருந்து எட்டு மணி வரை பாட்டுப் போட அனுமதி வாங்கியிருந்தார்.

யானை இறங்குகிற நேரமும் அதுதான். என் வீட்டுக்காரர் சோளக்காட்டுப் பரணில் காவல் இருப்பார். தகரத்தை விட்டு விட்டுத் தட்டினால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் யானை. ஊரே பந்தத்தோடு ஓட வேண்டும். குழாய் அலறுகிறபோது எந்தத் தட்டலைக் கேட்பது? எருமை தும்மினாலே அடுப்படிக்குள் ஓடுகிறவள் நான், என் பயத்தைக் கேட்கவா வேண்டும்.

பெண்கள் சேர்ந்து போனோம். கடைக்குள் கால் வைக்காமல் ரோட்டிலேயே நின்றோம்.

"அண்ணே, காட்டுத் தகரம் காதுல விழமாட்டேங்குது."

"பெர்மிட்டு இருக்கு ஆத்தா. பாட்டு இல்லேன்னா எவன் கடைக்கு வர்றான்?" என்றார் கடைக்காரர்.

ரிக்கார்டு போடுகிறவர்தான் இரக்கப்பட்டார். "தட்டு மாத்தயில கொஞ்சம் மெதுவா மாத்துறேன் தாயி. அப்பக் கேட்டுக்கங்க."

அப்படித்தான் பிழைத்தோம். ஒரு பாட்டு முடியும். குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்து மூச்சைப் பிடித்து நிற்பேன். குடித்தவர்கள் "போடுய்யா பாட்ட!" என்று கத்துவார்கள். அதற்கு நடுவே டங்... டங்... என்று கேட்கும். அப்பாடா! அந்தப் பாட்டுகளில் முடிகிற வரி மட்டும்தான் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்தது ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கடையில் புதிதாக டேப் ரிக்கார்டர் வாங்கி வைத்தது எனக்கென்ன தெரியும்? இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை, ஓடினேன். எந்தப் பெண்ணும் மிதிக்காத அந்தக் கடைக்குள் நுழைந்து வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"ஏய், என்ன சோலி பாக்குற?" என்று எழுந்த கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் காட்டிலிருந்து தகரச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

குடித்தவர், குடிக்காதவர் எல்லாரும் பந்தத்தோடு ஓடினார்கள். கம்புக்கால் ஒன்று முறிந்து சாய்ந்த பரணில் என் வீட்டுக்காரர், ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாராம். கூட்டத்தைக் கண்டு யானை மலையேறிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் கேட்டார்: "எம்புட்டு நேரமாத் தட்டுறேன், ஒனக்குக் காது அடைச்சுப் போச்சா?" அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு.

மறுநாளே கடைக்குப் பழைய ரிக்கார்டு திரும்பியது. பெர்மிட்டில் எழுதாத சட்டம் அது.

இப்போது அந்தக் கடை இல்லை, பரணும் இல்லை. சோளக்காடு வீட்டுமனையாகக் கல் நட்டுக் கிடக்கிறது. அவரும் போய்விட்டார், யானையால் இல்லை, கட்டிலில் படுத்துத்தான். எதிர் ஓட்டலில் சில சமயம் பாட்டு சட்டென்று நிற்கும். கையில் இருப்பதோடு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

"என்னம்மா, என்ன கேக்குது?" என்பான் மகன்.

"ஒண்ணும் கேக்கலப்பா."