தானாக விட்ட வேலை

இங்கே லண்டனில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியோடு நிற்கும்போது யாராவது மெல்ல என் பக்கம் ஒதுங்கி வந்து, "அக்கா, வேலை போயிட்டுது" என்பார்கள். நான் ஆறுதல் சொல்வதற்கு முன்னால், "பெனிபிட்டுக்கு அப்ளை பண்ணியாச்சோ?" என்று கேட்டுவிடுவேன். அரசாங்கம் தரும் அந்த உதவிக்காசுக்கு விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்துதான் கணக்கு. வேலை போன நாளிலிருந்து அல்ல. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்தால் அத்தனை கிழமையும் வீண். வேலை ஏன் முடிந்தது என்ற கேள்விக்கு நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வேலைத்தலத்துக் கடிதத்தை ஒளிக்காமல் முதலிலேயே காட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறாள் என்று சிலருக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டு. இருக்கட்டும். இந்த மூன்றிலும் ஒன்றுவிடாமல் பிழைவிட்ட வீடு எங்கள் வீடு.

என் கணவர் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடிக்கும் ஒரு லோண்டரியில் ஒன்றரை வருடமாக வேலை செய்தார். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "முதுகு ஏலாமல் கிடக்கு. வேலையை விட்டிட்டன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கூடச் சமையலறையில் நான் செய்யும் நாலு மணித்தியால வேலையை நம்பியா வீடு ஓடுவது?

"ஆரைக் கேட்டு விட்டனீங்கள்? ரெண்டு நாள் லீவு போட்டிருக்கலாம்தானே?"

அன்று தொடங்கிய ஏச்சு மூன்று கிழமை ஓயவில்லை. தேத்தண்ணி கொடுக்கும்போதும் ஏசினேன், உடுப்புக் காயப்போடும்போதும் ஏசினேன். ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் நல்ல பெயரோடு இருந்த மனிதர் அவர். லண்டனில் எங்கள் ஆட்கள் நிறைய, உமக்கும் பேச்சுத்துணை இருக்கும் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அந்தப் பழைய கதையையும் கிண்டியெடுத்துச் சொல்லிக் காட்டினேன். அவர் கோப்பையைப் பார்த்தபடி இருப்பார். அந்த மௌனம் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அப்ளை பண்ணுவோம் என்றால், "பொறும், அடுத்த கிழமை வேறை வேலை எடுத்திடுவன்" என்பார். அடுத்த கிழமையும் வந்து போகும். கடைசியில் நானே கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் என்பதால் அவரையும் பக்கத்தில் இருத்தினேன். வேலை ஏன் முடிந்தது என்ற கேள்வி வந்தது.

"என்ன போட?"

"நானா விட்டதெண்டு போடும்."

போட்டேன்.

உதவிக்காசு விஷயங்களைப் பார்க்கிற, லூயிஷாமில் இருக்கிற ஜொப் சென்ரருக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். அவருக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் அப்படியில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். நான் இருக்க இன்னொருவர் எதற்கு என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

மேசைக்கு அப்பால் இருந்தவர் என் வயதுப் பெண். அவசரப்படாமல் பேசினார். தகுந்த காரணம் காட்டாமல் தானாக வேலையை விட்டவருக்குக் கொஞ்சக் காலத்துக்குக் காசைக் குறைக்கக்கூடும் என்று விளக்கினார். முதுகு ஏலாமல்தான் விட்டார் என்றேன். முதுகுவலிக்கு டொக்டரிடம் போனாரா, வேலைத்தலத்தில் இலகுவான வேலை கேட்டுப் பார்த்தாரா என்று விசாரித்தார். அந்தக் காசும் குறைந்தால் எங்களால் சமாளிக்க முடியாது. என் கணவர் பக்கம் திரும்பி ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன்.

அவர் இரண்டு கைகளையும் மேசையில் வைத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விடேல்லை" என்றார். "என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"என்ன?"

"ஆக்களைக் குறைச்சவங்கள். மெதுவாச் செய்யிற ஆக்களாப் பாத்து நிப்பாட்டினவங்கள். கடிதம் கிடக்கு."

ஜக்கெற்றின் உள்பையிலிருந்து எடுத்தார். எத்தனையோ தடவை விரித்து மடித்ததில் கடிதம் மடிப்புகளில் நைந்துபோயிருந்தது. அந்தப் பெண் வாங்கிப் படித்தார். இது வேறு விஷயம், இப்போதே சொன்னது நல்லது, காரணத்தைத் திருத்திவிடலாம் என்றார். பிறகு, குற்றம் பிடிக்கிற குரலில் இல்லாமல், அப்படியானால் ஏன் தானாக விட்டதாக எழுதினீர்கள் என்று கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இவவுக்குச் சொல்ல வெக்கமாயிருந்ததெண்டு சொல்லும்."

அதை நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தன் மனைவியிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததாம் என்று, எங்கேயோ இருக்கிற ஒரு மனைவியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் திசுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். காரணத்தைத் திருத்தி எழுதி, கடிதத்தையும் பிரதி எடுத்துக்கொண்டார். காசு குறையாது. பிந்திப்போட்ட இரண்டு கிழமை மட்டும் போனது போனதுதான்.

வெளியே வந்து சந்தைக்குப் பக்கத்து பஸ் தரிப்பில் நின்றோம். குளிர்காற்று வீசியது.

"மூண்டு கிழமையா வாய்க்கு வந்தபடி ஏசினனே. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீர் ஏசேக்க எனக்கு ஒண்டுமில்லை" என்றார். "தானா விட்டவனை ஏசுவினம். நிப்பாட்டினவனை இரக்கமாப் பாப்பினம். நீர் என்னை அப்பிடிப் பாத்தா என்னால தாங்க ஏலாது."

அந்த மனிதரை அங்கேயே கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. என் அவசர வாயை நினைத்து அவமானமாகவும் இருந்தது. ஆனால் என் முகத்தில் எது தெரியக் கூடாதென்று மூன்று கிழமை ஏச்சு வாங்கினாரோ, அந்த இரக்கம்தான் அப்போது என் கண்வரைக்கும் வந்து நின்றது. அவருடைய ஜக்கெற் திறந்தபடி கிடந்தது.

"இந்தக் குளிருக்குள்ள ஆராவது நெஞ்சைத் திறந்துகொண்டு நிப்பினமோ? அம்பத்திநாலு வயசாச்சு, இன்னும் நான்தான் எல்லாம் சொல்ல வேணுமோ?" என்று தரிப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுக்கொண்டே, ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை நானே இழுத்துவிட்டேன். அவர் சிப்புக்கு இடம் விட்டு நாடியைத் தூக்கிக்கொண்டு ஏச்சு வாங்கினார்.