துப்புகிற தொழில்

கோப்பையின் தண்டை இரண்டு விரலால் பிடித்து வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பார்க்கிறார். சிவப்பு ஒயினின் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. ஒரு சுழற்று. மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுகிறார். பிறகு ஒரு மடக்கு. உதட்டைக் குவித்துக் காற்றை இழுக்கும்போது சீட்டியடிப்பதுபோல் ஒரு சத்தம். கன்னத்துக்குக் கன்னம் உருட்டிவிட்டுக் காலடியில் இருக்கும் தகர வாளியில் துப்புகிறார். ஒரு சொட்டுகூட வெளியே தெறிப்பதில்லை.

"மலைச்சரிவுக்காரன். நாம கேட்டாத்தான் பேசுவான். இன்னும் கொஞ்ச நாள் இருட்டுல கிடக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க."

ஒயின் இறக்குமதிக் கிடங்கில் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். எங்கிருந்து வந்த சரக்கானாலும் அவர் துப்பிய பிறகுதான் கடைகளுக்குப் போகும். ஆனால் அவர் சொல்வதை அப்படியே விலைப்பட்டியலில் அச்சடிக்க முடியாது. வெயில் சமவெளியின் கனத்த சிவப்பு என்றால், "வாசல்லயே கையப் பிடிச்சு உள்ள இழுத்துக்குவா. அரை மணியில நமக்குத் தலைவலி" என்பார். கடலோரத்து வெள்ளை என்றால், "உப்புக் காத்துல வளந்தது. பேச்சு சுருக்கு, பொய் கிடையாது." நுரை பொங்கும் ஒயின் அவருக்குக் கல்யாண வீட்டுக்கு வந்த சின்ன மாமன்: "சத்தம் அடங்கினதும் ஆளையே காணோம் பாருங்க." கொடியிலேயே வற்றவிட்ட பழத்தின் இனிப்பு ஒயின், கன்னத்தைக் கிள்ளாமல் விடாத பெரியத்தை.

"ஐயா, அவங்க பாட்டில் வாங்க வர்றாங்க, பொண்ணு பாக்க வரல" என்று தலையில் அடித்துக்கொள்ளும் மேலாளர், எல்லாவற்றையும் 'செறிவு', 'பழமணம்' என்று மாற்றி எழுதிக்கொள்வார்.

இத்தனை உறவுகளும் கிடங்கோடு சரி. மூக்கு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வீட்டில் எந்த வாசனையையும் அவர் அண்டவிடுவதில்லை. வாசனைச் சோப்பு இல்லை, பூ இல்லை, அடுப்பில் எண்ணெய் காய்வதில்லை. ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, தண்ணீர். "இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று மனைவி கேட்பாராம். இப்போது கேட்க ஆளில்லை. மகள் முதல் சம்பளத்தில் ஒரு சென்ட் வாங்கிப் பூசிக்கொண்டு வந்து கூடத்தில் சிரித்தபடி நின்றாளாம். இவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அந்த மகளின் கல்யாணப் பேச்சு முடிந்த அன்று சம்பந்தி வீட்டில் விருந்து. சம்பந்தி தம் தோட்டத்துத் திராட்சையில் தாமே போட்ட ஒயினை ஆளுக்கொரு கோப்பை ஊற்றினார். இவர் சாய்த்தார், சுழற்றினார், சீட்டியடித்தார். இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்த பூச்சாடியில் துப்பினார். போதாதென்று, "காடியாகிட்டு வருது, புளிப்பேறிடுச்சு" என்றார்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து இவருக்கு ஒரு அழைப்பும் இல்லை. பேத்தியைப் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததுதான். அவளுக்குப் பேச்சு வந்ததைத் தொலைபேசியில் தெரிந்துகொண்டார்.

"வேணும்னு செய்யலம்மா. பழக்கம், வாய் தானாத் துப்பிடுச்சு" என்று ஒருமுறை மகளிடம் சொன்னார்.

"துப்பினது தானா, சரி. காடின்னு சொன்னதும் தானாப்பா?"

கெட்டுப்போன சரக்கை நல்லது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சாயங்காலம் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு மடக்கு குடிக்கிறார். "இன்னிக்குக் குளோரின் கம்மி" என்கிறார் எதிர் நாற்காலியைப் பார்த்து.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் லேபிள் ஒட்டாத ஒரு பாட்டில்.

"மாமா குடுத்தனுப்பினார். இந்த வருஷம் போட்டது. பாப்பா பிறந்தநாளுக்கு இதைத்தான் ஊத்தப் போறார்."

"நானும் வரலாமாம்மா?"

"உங்கப்பா குடிச்சுட்டு என்ன சொல்றார்னு பாத்துட்டு வான்னார். அப்புறம் கூப்பிடறாராம்."

அவள் தக்கையை இழுத்த கணமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இந்த வருஷமும் காடிதான், போன தடவையைவிட அதிகம். மேசை ஓரத்தில் துப்புகிற கிண்ணம் எப்போதும்போல் இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், நகர்த்தவில்லை.

அவள் ஊற்றிக் கொடுத்தாள். அவர் தண்டைப் பிடிக்கவில்லை. கோப்பையை உள்ளங்கை முழுக்கப் பற்றினார். சாய்க்கவில்லை, சுழற்றவில்லை, முகரவில்லை. ஒரு மடக்கு விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு மடக்கு. அடியில் நின்றதையும் அண்ணாந்து குடித்தார். கண்ணோரம் லேசாக நீர் கோத்தது, புளிப்புக்குத்தான்.

"எப்படிப்பா இருக்கு?"

வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, காலிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.