பின்பக்கம் லிஃப்ட் இருக்கிறது

என் அக்கா வெளிநாட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முன்பக்கம் இருப்பவர்கள் கண்ணைச் சோதிப்பார்கள், பிரேம் காட்டுவார்கள், எதைப் போட்டுப் பார்த்தாலும் "உங்களுக்கென்றே செய்தது" என்பார்கள். அக்காவுக்குப் பின்னறை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பிரேமுக்குள் உட்காரவைப்பதும், கடுகளவு திருகுகளை முடுக்குவதும் அவள் வேலை. அத்தானோடு அங்கே போய் ஏழு வருடம் ஆகிறது.

ஆபீஸ் வேலையாக நான் பத்து நாள் அந்த ஊருக்குப் போனபோது அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே சுத்திப் பாத்துக்கடி, நான் எழுதித் தரேன்" என்றாள். எழுதியும் தந்தாள். நாற்பத்தோரு குறிப்புகள். அப்படி ஒரு வழிகாட்டியை நான் எங்கேயும் படித்ததில்லை.

"பதினாலாம் நம்பர் பஸ்ஸில் இடதுபக்கம் உட்கார். ஆறு தெரியும். வலதுபக்கம் உட்கார்ந்தால் நாலு கிலோமீட்டருக்குச் சுவர்." "மியூசியத்தை மேல்மாடியிலிருந்து பார். எல்லாரும் கீழேயிருந்து ஆரம்பித்து, நல்லதெல்லாம் வரும்போது நாக்குத் தள்ளிப்போய் நிற்பார்கள்." "நூலகத்தின் இரண்டாம் மாடிக் கழிப்பறை பளிச்சென்று இருக்கும், யாரும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள்." "இங்கே பஸ்ஸில் யாரும் சிரிக்கமாட்டார்கள். கோபம் என்று நினைத்து நான் ஆறு மாதம் பயந்தேன். கோபமில்லை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள். வழி கேட்டுப் பார், முழித்துக்கொண்டு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள்."

இருபத்தாறாவது குறிப்பு இது: "ஊருக்கு நடுவில் ஒரு குன்று. மேலே போனால் ஊர் முழுக்கத் தெரியும். படிகளைப் பார்த்து மலைக்காதே. பின்பக்கம் லிஃப்ட் இருக்கிறது."

நான் போன சமயம் மழை. குன்றுப் பக்கமே போகவில்லை. ஊருக்குத் திரும்பியதும் சும்மா இருந்திருக்கலாம். குறிப்புகளைச் சித்தப்பா பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் தன் தோழிக்கு அனுப்பினாள். அது அப்படியே கைமாறிக் கைமாறி, அக்கா இருக்கும் அதே ஊரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பகலில் மகள் வேலைக்குப் போய்விடுவாள். குறிப்புகளை அச்செடுத்துக் கொடுத்து, "இத வச்சுக்கிட்டு ஜாலியா சுத்துங்க" என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் கடை முன்பக்கத்தில் தமிழில் யாரோ சண்டை போடுவது அக்காவுக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஒரு பெரியவர், கையில் காதில் மாட்டும் கம்பி உடைந்த மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் அவர் மனைவி. கடைக்காரப் பையன் ஒன்றும் புரியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

"குடுங்கய்யா, நான் பாக்கறேன்" என்றாள் அக்கா.

தமிழைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. பெரியவருக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அக்கா கண்ணாடியின் உடைந்த கம்பியைக் கழற்றி வேறொன்று மாட்டும்வரை நின்றபடியே பொரிந்து தள்ளினார்.

"எவனோ ஒரு அறிவாளி எழுதியிருக்கான்மா, பின்பக்கம் லிஃப்ட் இருக்குன்னு. குன்ற ரெண்டு தடவ சுத்தி வந்துட்டோம். லிஃப்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சரி, வந்தது வந்துட்டோம்னு படியில ஏறினேன். முட்டி மடங்கிருச்சு, கண்ணாடி போயிருச்சு. முகவரி தப்பா இருந்தா கடுதாசி திரும்பி வரும். இங்க ஆளே திரும்பி வந்துட்டேன்!"

அவர் நீட்டிய தாளைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேசாமல் திருகை முடுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவளுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே.

"அய்யா, அது நான்தான் எழுதினேன்."

பெரியவர் கண்ணாடி இல்லாத கண்ணால் அவளை உற்றுப் பார்த்தார். "நீ அந்த லிஃப்ட்ல போயிருக்கியாம்மா?"

"இல்லங்கய்யா."

"குன்றுக்காவது?"

"அதுவும் இல்ல. கூட வேலை பாக்கறவங்க சொன்னாங்க."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு. "ஏழு வருஷமா இங்க இருந்துகிட்டுப் பாக்காததையா எங்களப் பாக்கச் சொன்ன? நல்ல பொண்ணும்மா நீ! ஞாயித்துக்கிழம லீவுதானே? வா, உன்ன நான் கூட்டிட்டுப் போறேன்."

அந்த ஞாயிறு காலை மூவரும் குன்றின் அடியில் நின்றார்கள். பெரியவர் முட்டியைத் தடவிக்கொண்டு, "நீங்க போங்க, நான் இப்படியே பெஞ்சில உக்காந்திருக்கேன்" என்றார். பெண்கள் இருவரும் படியேறினார்கள். அந்த அம்மா இருபது படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நிற்கும்போதெல்லாம் ஒரு கதை சொன்னார். கல்யாணமான புதிதில் கணவர் தபால் பையோடு சைக்கிளிலிருந்து விழுந்தது, நாய் துரத்தியது, மகள் முதல் சம்பளத்தில் அவருக்குச் செருப்பு வாங்கித் தந்தது. அக்காவுக்குக் கால்வலி தெரியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தால், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வெற்றி.

"எப்படி வந்தீங்க?" என்று கத்தினார் அவர் மனைவி.

"பெஞ்சில எவ்வளவு நேரம் உக்கார்றது? பின்பக்கமா, அன்னிக்கு நாம போகாத ரோட்டோட நடந்தேன். ரெண்டு திருப்பம் தள்ளி ஒரு குட்டி வேன் நிக்குது. அரை மணிக்கு ஒண்ணு. ஏறி உக்காந்தேன், கொண்டாந்து விட்டுட்டான்." அக்கா பக்கம் திரும்பினார். "உன் தகவல்ல பாதி சரிம்மா. பின்பக்கம் ஒண்ணு இருக்கு. லிஃப்ட்தான் இல்ல."

அக்கா சுவரருகே போய்க் கீழே பார்த்தாள். தினமும் கடக்கிற ஆறு ஊரை மூன்று வளைவாகச் சுற்றிப் போவது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வீடு, கடை, பஸ் நிறுத்தம், காய்கறி வாங்கும் இடம் எல்லாமே ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன. ஏழு வருடமும் அந்த உள்ளங்கைக்குள்ளேயே போய்வந்துகொண்டிருந்திருக்கிறாள். அதைத் தாண்டி ஊர் நாலாபக்கமும் பரந்து கிடந்தது. "அழுகை வரலடி. ஆனா யார் மேலயோ கோபம் வந்துச்சு. யோசிச்சா அது என் மேலதான்" என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

கோபம் அன்று சாயங்காலத்துக்கு மேல் தங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குறிப்புகளை எடுத்து, தானே கண்ணால் பார்க்காததையெல்லாம் கோடு போட்டு அடித்தாள். நாற்பத்தொன்றில் பதினேழு அடிபட்டன. வாரமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்காகத் தவம் கிடக்கும் அத்தானை எழுப்பி, "கெளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"துறைமுகம். அங்க காத்து நல்லா வரும்னு எழுதியிருக்கேன். வருதான்னு பாக்கணும்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் இதே கதை. தபால்காரர் ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. அவள் போய்ப் பார்த்துத் திருத்தி எழுதியதைப் போனில் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். "'பெரிய கடைக்குப் பக்கத்துல'ன்னா எந்தப் பக்கம்? எத்தன படி? உக்கார இடம் இருக்கா? வயசானவங்க வருவாங்கம்மா, முகவரி மாதிரி எழுது" என்பார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போய்ப் படிகளை எண்ணிவிட்டு வருவாள்.

அத்தான் முதல் இரண்டு மாதம் புலம்பினார். இப்போது சாப்பாட்டுப் பையை அவரே கட்டி வைக்கிறாராம். அருவி என்று எழுதியிருந்த இடத்தில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

போன வாரம் நான் கூப்பிட்டபோது பின்னால் காற்றுச் சத்தம். "அப்புறமா பேசறேன்டி" என்றாள் அக்கா. "இங்க ஒரு சந்து இருக்கு. எங்க போய் முடியுதுன்னு யாருக்கும் தெரியல. உங்க அத்தான் முன்னாடி போயிட்டாரு."